கன மீட்டர் கட்டணத்தின் மறுபாதியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்வதற்காகவோ வேறு நாட்டுக்குக் குடிபெயர்பவர்களை நோக்கிச் சரக்கு ஏஜென்சிகள் தரும் விளம்பரங்கள் தங்கள் நாளிதழிலும் வெளிவருகின்றன. வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பக் கன மீட்டருக்கு இவ்வளவுதான் என்று அவற்றில் பெரிய எழுத்தில் அச்சாகும் தொகை, அனுப்புபவர் கடைசியில் கொடுக்கப்போகும் பணத்தில் ஒரு பகுதி மட்டுமே. மீதிப் பகுதி, சாமான்கள் மறு துறைமுகத்தில் இறங்கிய பிறகு, இனி மறுக்க வழியில்லை என்ற நிலையில், வேறொரு நிறுவனத்தின் பில்லாக வந்து சேருகிறது. சரக்கு ஏஜென்சி ஒன்றின் ஆவணப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். இந்த மறுபாதியை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவதுதான் செலவைக் குறைப்பதற்கான முதல் வழி என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்தின் சாமான்கள் முழுக் கன்டெய்னரை நிரப்புவது அரிது. 20 அடி கன்டெய்னரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். 40 அடி கன்டெய்னருடையது 67 கன மீட்டர். ஆகவே பலருடைய சாமான்களை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும் முறையைத்தான், துறையில் எல்.சி.எல். என்று சொல்லப்படுவதைத்தான், பெரும்பாலானோர் நாடுகிறார்கள். இந்த முறையில் புறப்படும் துறைமுகத்தில் ஒரு நிறுவனம் சாமான்களைத் திரட்டிக் கன்டெய்னரில் அடுக்குகிறது. சேரும் துறைமுகத்தில் அதன் கூட்டாளியான இன்னொரு நிறுவனம் கன்டெய்னரைப் பிரித்து அவரவர் சாமான்களைக் கிடங்கில் தனித்தனியே வைக்கிறது. விளம்பரத்தில் வரும் கட்டணம் முதல் நிறுவனத்தின் கட்டணம். இரண்டாவது நிறுவனமோ துறைமுக முனையத்தில் கையாண்டதற்கு ஒன்று, கன்டெய்னரைப் பிரித்ததற்கு ஒன்று, சாமானை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர் கொடுப்பதற்கு ஒன்று, ஆவணத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்டணம் விதிக்கிறது. அதன் பிறகு சுங்க ஏஜென்டின் கூலி, சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதற்கான செலவு, கிடங்கு வாடகை, வீடு வரை லாரி, மாடிப்படி ஏற்றும் கூலி ஆகியவை வருகின்றன.

இதில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நடைமுறை உண்டு. அனுப்பும் இடத்தில் ஏஜென்சிகளுக்கிடையே போட்டி கடுமையாக இருப்பதால் கப்பல் கட்டணத்தை அடக்க விலைக்கும் கீழே காட்டி ஆளைப் பிடிக்கிறார்கள்; சேரும் இடத்தில் உள்ள கூட்டாளி தான் வசூலிக்கும் தொகையில் ஒரு பங்கை முதல் நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறார். புறப்படும் முன் பத்து ஏஜென்சிகளில் விசாரிக்க முடிந்த ஒருவருக்குச் சாமான் இறங்கிய பிறகு ஒரே ஒரு கிடங்குதான் உண்டு, அந்தக் கிடங்கு கேட்பதுதான் கட்டணம். குறைந்த கட்டணம் சொன்னவரிடமே மொத்தச் செலவு அதிகமாக முடிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த புகார்களில் ஒன்றை இன்றும் மறக்க முடியவில்லை. செவிலியர் ஒருவர் இரண்டு கன மீட்டர் சாமானை வேறொரு ஏஜென்சி மூலம் அனுப்பியிருந்தார். இறங்கிய இடத்தில் அவருக்கு வந்த பில், அவர் கட்டிய கப்பல் கட்டணத்தைவிட அதிகம். முழுப் பணமும் கட்டிவிட்டேனே என்று அவர் மின்னஞ்சலில் வாதாடிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் எங்களிடம் ஆலோசனை கேட்டு அவர் அனுப்பிய தாள்களில் முதல் ஏஜென்சியின் கோட்டேஷனும் இருந்தது. அதன் அடியில், மிகச் சிறிய எழுத்தில், சேரும் துறைமுகக் கட்டணங்கள் பெறுபவரைச் சேர்ந்தவை என்று ஒரே வரி. சட்டப்படி அவர்கள் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு என்பதை மட்டும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம்கூட வாங்காத ஒருவரை இப்படி நிறுத்துவது நியாயமற்றது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே கோட்டேஷன் கேட்கும்போது, எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்கு என்ற கணக்கோடு நின்றுவிடாமல், இந்த வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை எல்லாக் கட்டணங்களும் சேர்ந்து எவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். சேரும் இடத்தில் யார் கன்டெய்னரைப் பிரிப்பார்கள், அவர்களுடைய கட்டணப் பட்டியல் எங்கே, வாடகையில்லாமல் கிடங்கில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள், குறைந்தபட்சம் எத்தனை கன மீட்டருக்குக் கட்டணம் வாங்குவார்கள் என்பவற்றுக்கும் பதில் வேண்டும். இவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்ல மறுக்கும் ஏஜென்சியை, அது சொல்லும் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிடுவதே நல்லது. சுங்க வரியையும் பரிசோதனைச் செலவையும் யாராலும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாதுதான். மற்றவை அனைத்தையும் சொல்ல முடியும்.

அடுத்தது அளவு. கப்பலில் கட்டணம் ஒரு கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, இவற்றில் எது அதிகமோ அதற்கு. வீட்டுச் சாமான் ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோவைத் தொடுவதே இல்லை என்பதால் நாம் எப்போதும் இடத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம், எடைக்கு அல்ல. 60 சென்டிமீட்டர் நீளமும் 40 அகலமும் 40 உயரமும் கொண்ட அட்டைப் பெட்டி 0.096 கன மீட்டர். ஏறக்குறைய பத்துப் பெட்டி சேர்ந்தால் ஒரு கன மீட்டர். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, 2 மீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் 85 உயரமும் இருந்தால், அது மட்டுமே ஒன்றரை கன மீட்டரைத் தாண்டிவிடும். அதன் கால்களைக் கழற்றினால் குறையும் உயரத்துக்குக்கூடக் காசு மிச்சமாகும். மேசையைப் பிரித்துத் தட்டையாகக் கட்டுவதும், அலமாரியின் உள்வெற்றிடத்தில் துணிகளை அடைப்பதும், பாத்திரங்களை ஒன்றினுள் ஒன்றாக வைப்பதும் அற்பமான வேலைகள் போலத் தோன்றினாலும், மொத்த அளவை அவைதான் தீர்மானிக்கின்றன. ஏஜென்சியின் ஆள் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டை ஏற்றுக்கொள்ளாமல், நாமே அளவு நாடாவை எடுத்து ஒவ்வொரு பெட்டியையும் அளந்து எழுதி வைத்துக்கொள்வது அவசியம். கிடங்கில் அளந்தபோது கூடிவிட்டது என்று பின்னர் சொல்லப்பட்டால் கையில் ஆதாரம் இருக்கும். சாமான் 13 முதல் 15 கன மீட்டர் வரை வந்துவிட்டால், பகிர்ந்து அனுப்புவதற்கும் 20 அடி கன்டெய்னரைத் தனியாக எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் பல வழித்தடங்களில் மிகக் குறைந்துவிடும் என்பதால், இரண்டுக்கும் கோட்டேஷன் வாங்கிப் பார்க்க வேண்டும். தனிக் கன்டெய்னரில் இன்னொரு நன்மையும் உண்டு: பகிர்ந்த கன்டெய்னரில் யாரோ ஒருவருடைய சாமானைச் சுங்கத் துறை நிறுத்தி வைத்தால் மற்ற எல்லாருடைய சாமானும் கூடவே காத்திருக்க நேரிடும், தனிக் கன்டெய்னரில் அந்தத் தொல்லை இல்லை.

விமானத்தில் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000 ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். கூரியர் நிறுவனங்கள் பலவும் 5,000 ஆல் வகுக்கின்றன. மேலே சொன்ன அதே பெட்டியில் ஐந்து கிலோ தலையணைகளை வைத்து அனுப்பினால் விமானச் சரக்கில் 16 கிலோவுக்கும், கூரியரில் 19.2 கிலோவுக்கும் பணம் கட்ட வேண்டும். பருமனான, எடை குறைந்த பொருள்களை விமானத்தில் அனுப்புவது காற்றுக்குக் காசு கொடுப்பதாகும். எடை கூடிய சிறு பொருள்களுக்கோ பயணம் செய்யும் விமானத்திலேயே கூடுதல் பெட்டிக்கு முன்பதிவு செய்வது பல நேரங்களில் கூரியரைவிட மலிவாக முடியும். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பதே பரவலாக உள்ள வரம்பு; 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் பயணிகளின் லக்கேஜாக ஏற்பதில்லை. புத்தகங்கள் மிகுதியாக உள்ளவர்கள் தபால் துறையில் விசாரிக்க வேண்டும். ஒரே முகவரிக்குச் செல்லும் அச்சிட்ட நூல்களை 30 கிலோ வரை ஒரே பையில் அனுப்பும் எம் பேக் என்ற சேவை சர்வதேச அஞ்சல் முறையில் உள்ளது. அதை வழங்கும் நாடுகளில் நூல்களுக்கு இது சிக்கனமான வழியாக அமைவதுண்டு.

எதை அனுப்புவது என்பதை எல்லாரும் கடைசி வாரத்தில்தான் யோசிக்கிறார்கள். அப்போது எல்லாமே தேவை என்றுதான் தோன்றும். என் கருத்து இதுதான்: புதிய ஊரில் அதே பொருளை வாங்க ஆகும் விலையையும், அதை அனுப்ப ஆகும் மொத்தச் செலவையும் அருகருகே எழுதிப் பார்த்தால் கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை பெரும்பாலும் பட்டியலிலிருந்து தாமாகவே விழுந்துவிடும். மின்சாதனங்களில் இன்னும் கவனம் வேண்டும். சில நாடுகளில் வீட்டு மின்சாரம் 100 முதல் 127 வோல்ட். பெரும்பாலான நாடுகளில் 220 முதல் 240 வோல்ட். மடிக்கணினி, கைப்பேசி சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒத்துப்போகும். சூடேற்றும் சாதனங்களும் மோட்டார் உள்ளவையும் பெரும்பாலும் ஒத்துப்போகா. ஆனால் தாத்தாவின் மரப்பெட்டியையும் குழந்தை வளர்ந்த தொட்டிலையும் இந்தக் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். திரும்ப வாங்க முடியாத பொருளுக்காகக் கொடுக்கும் கப்பல் கட்டணம் வீண் செலவு அல்ல. அந்தப் பொருள்களுக்கு இடமும் பணமும் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே மற்றவற்றில் இவ்வளவு கண்டிப்பு காட்டச் சொல்கிறேன்.

சுங்க வரியைப் பற்றி விசாரிக்காமல் புறப்படுவது, கட்டணத்தில் மிச்சப்படுத்திய அனைத்தையும் ஒரே நாளில் இழக்கச் செய்யும். குடியிருப்பை மாற்றுபவரின் பழைய வீட்டுச் சாமான்களுக்குப் பல நாடுகள் வரி விலக்கு தருகின்றன, ஆனால் நிபந்தனைகளோடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக அதற்கு வெளியே தொடர்ந்து 12 மாதமாவது வசித்திருக்க வேண்டும். பொருளைக் குறைந்தது 6 மாதம் வைத்திருந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். குடியேறிய 12 மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். வந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. பிரிட்டனில் இந்த விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களை வெளிநாட்டில் ஓராண்டாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். புறப்படும் முன் ஆசையாகப் புதிய தொலைக்காட்சியும் புதிய சமையல் சாதனங்களும் வாங்கிப் பெட்டி பிரிக்காமல் கட்டி அனுப்புபவர்கள் வரி கட்ட நேர்வது இந்த விதிகளால்தான். இதில் கப்பல் தாமதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 2023 ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பின் பல கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கியதில் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணம் பத்து நாள் அளவுக்கும் அதற்கு மேலும் நீண்டது. முதல் சில மாதங்களுக்குத் தேவையான உடைகளையும் சான்றிதழ்களையும் மருந்துச் சீட்டுகளையும் கப்பலில் போடவே கூடாது.

பொருள் பட்டியல் எழுதுவதில் காட்டும் அலட்சியம் வியப்பளிக்கிறது. நான்கு பெட்டிகளுக்கு எதிரே "இதர பொருள்கள்" என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்த தாள்கள் என் மேசைக்கு அடிக்கடி வரும். அப்படி எழுதப்பட்ட பெட்டிகள் பரிசோதனைக்கு எடுக்கப்படும் வாய்ப்பு அதிகம். அந்தச் செலவு அனுப்பியவர் தலையில்தான் விழும். பெட்டி எண், உள்ளே இருப்பவை, பழையதா புதியதா, தோராய மதிப்பு என்று வரிக்கு வரி எழுத ஒரு மாலைப்பொழுது போதும். பெட்டிகளை மரச்சட்டத்தில் கட்டினால், அந்த மரம் அதன் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கப்பட்டது போன்ற ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தப்பட்டு, கோதுமைக் கதிர் போன்ற சின்னம் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி பொருந்தாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மண் துகளைக்கூட அனுமதிப்பதில்லை என்பதால் சைக்கிள் சக்கரம், தோட்டக் கருவிகள், காலணி அடிப்பாகம், தூசி உறிஞ்சும் கருவியின் பை ஆகியவற்றைக் கழுவித் துடைத்துக் காயவைத்தே கட்ட வேண்டும். இல்லையெனில் அங்கே சுத்தம் செய்வதற்கும் நமக்கே பில் வரும்.

காப்பீட்டைத் தேவையற்ற செலவென்று விடுபவர்களுக்கு இரண்டு செய்திகள். கடல்வழிச் சரக்குக்குப் பல நாடுகள் பின்பற்றும் ஹேக்-விஸ்பி விதிகளின்படி, பொருளின் தன்மையும் மதிப்பும் பில் ஆஃப் லேடிங்கில், அதாவது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணத்தில், முன்கூட்டியே குறிப்பிடப்படாவிட்டால், கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அவ்வளவுதான், எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பில் ஆஃப் லேடிங்கில் எத்தனை பெட்டி என்று எண்ணிக்கை எழுதப்படாமல் "ஒரு கன்டெய்னர் வீட்டுச் சாமான்" என்று மட்டும் இருந்தால், முழுக் கன்டெய்னரும் ஒரே பொதியாகக் கருதப்படும். ஆகவே அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகே ஆவணத்தை ஏற்க வேண்டும். மற்றொன்று, 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கிக்கொண்டபோது நடந்தது. ஆறு நாளில் கப்பல் மீட்கப்பட்டாலும், அதன் உரிமையாளர் பொதுச் சராசரி எனப்படும் பழைய கடல் வழக்கத்தை அறிவித்தார். அதன்படி மீட்புச் செலவில் சரக்கு உரிமையாளர்களும் தத்தம் சரக்கின் மதிப்புக்கேற்பப் பங்கேற்க வேண்டும். காப்பீடு இருந்தவர்களுக்கு அந்தப் பங்குக்கான உத்தரவாதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும்; இல்லாதவர்கள் தங்கள் சாமானைப் பெறத் தாமே பணம் கட்ட வேண்டும். ஒரு குடும்பத்தின் பத்துப் பெட்டிகளுக்கும் இது பொருந்தும். பாலிசி எடுக்கும்போது, உரிமையாளரே கட்டிய பெட்டிக்குள் உடைந்த பொருளுக்கு இழப்பீடு உண்டா என்று கேட்க வேண்டும்; பல பாலிசிகளில் கிடையாது. உடையக்கூடியவற்றை மட்டும் ஏஜென்சியின் ஆட்களைக் கொண்டு கட்டச் செய்து, துணிகளையும் நூல்களையும் நாமே கட்டிக்கொள்வது சிக்கனமும் பாதுகாப்பும் சேர்ந்த ஏற்பாடு.

இவையெல்லாம் அனுப்புபவர் செய்யக்கூடியவை. விளம்பரத்தை வெளியிடும் நாளிதழ் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டுச் சாமான் சரக்கு விளம்பரங்களை ஏற்கும்போது, குறிப்பிடப்பட்டுள்ள கட்டணம் துறைமுகம் வரையா வீட்டு வாசல் வரையா, சேரும் இடத்துக் கட்டணங்கள் அதில் அடக்கமா இல்லையா, குறைந்தபட்ச அளவு எத்தனை கன மீட்டர் என்ற மூன்று விவரங்களையும் கட்டணத்தை அச்சிடும் அதே எழுத்தளவில் தருமாறு விளம்பரதாரர்களைத் தாங்கள் கேட்க வேண்டும். தர மறுப்பவர்களின் விளம்பரத்தில் கட்டணத் தொகையை அச்சிடாமல் நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் மட்டும் வெளியிடலாம். தங்கள் விளம்பரப் பிரிவு இதைப் பரிசீலித்து எடுக்கும் முடிவை இதே பகுதியில் வாசகர்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்